முள்வேலிச் சிலந்தியும் சோலைக்காட்டுப் பெரணியும்



மெக்கானிக்கல் படிக்கிறவன் சிலந்தியையும் செடியையும் பற்றி எழுத வந்துவிட்டானே, வேறு தலைப்பே கிடைக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். மலர்க்குழுவில் இருக்கும் நண்பர்களும் அதைத்தான் கேட்டார்கள். கடைசிவரை படியுங்கள். இதுவும் நம்ம பாடம்தான் என்று ஒப்புக்கொள்வீர்கள்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் பதினான்கு கிலோமீட்டரில் பாதியைக் கடந்து, கால் வலித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிற ஊர். எங்கள் வீடு ஊர்க்கோடியில் கொல்லைமேட்டில் இருக்கிறது. வீட்டைச் சுற்றி வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்ட வேலி. அந்த வேலியில் நான் விவரம் தெரிந்த நாள் முதல் பழுப்பும் சாம்பலுமாக, பழைய கந்தல் துணியைச் சுருட்டி வைத்தது போலக் கூடுகள் இருக்கும். உள்ளே சிலந்திகள். ஒன்று இரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில்.

அப்பாவுக்கு அதற்கு ஒரு பேரும் தெரியாது. "முள்ளுல இருக்கிற பூச்சிக்கூடு" என்பார். அவ்வளவுதான். சின்ன வயசில் நாங்கள் அதைக் குச்சியால் கிண்டுவோம். சில நாள் தீக்குச்சி கிழித்தும் போட்டிருக்கிறோம். யாரும் திட்டியது இல்லை. அது சாதாரணப் பூச்சி. வேலி உள்ள இடமெல்லாம் இருக்கும். ஒன்று போனால் இன்னொன்று.

போன வருடம் கல்விச் சுற்றுலாவுக்கு ஊட்டி போனோம். 1848-ல் மெக்ஐவர் என்பவர் உருவாக்கிய அரசு தாவரவியல் பூங்காவில் பெரணிகளுக்கென்றே தனியாக ஒரு கண்ணாடி வீடு இருக்கிறது. அங்கேதான் முதன்முதலில் மரப்பெரணியைப் பார்த்தேன். தென்னங்கன்று மாதிரி தண்டு, உச்சியில் குடை விரித்தது போல இலைகள், நடுவில் வயலின் தலை மாதிரி சுருண்டு நிற்கும் இளங்குருத்து. அது எந்த வகை என்று பலகையைப் பார்க்க அப்போது தோன்றவில்லை. "இதெல்லாம் அழிஞ்சிக்கிட்டு வர்ற இனம் தம்பி, தொடாதீங்க" என்றார் அங்கே வேலை செய்கிற ஒரு பெரியவர். எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தோம். கோயிலில் நிற்பது போல.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே யோசனை. வேலியில் இருக்கிற பூச்சியை நெருப்பு வைத்தோம். கண்ணாடிக்குள் இருக்கிற செடிக்குக் கை கட்டினோம். ஒன்று ஏன் எங்கே பார்த்தாலும் இருக்கிறது? இன்னொன்று ஏன் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது? ஒன்று மட்டம், ஒன்று உசத்தி என்பதாலா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் நூலகத்தில் புத்தகம் தேட ஆரம்பித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வேலியில் ஒரு கூட்டுக்குடும்பம்

நம் முள்வேலிச் சிலந்தியின் விஞ்ஞானப் பெயர் ஸ்டெகோடைபஸ் சரசினோரம். 1892-ல் கார்ஷ் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர். இலங்கையில் உயிரினங்களைச் சேகரித்த சரசின் என்ற குடும்பப் பெயர் கொண்ட இரண்டு சுவிஸ் ஆராய்ச்சியாளர்களின் நினைவாக வைத்தது. இந்தியா, இலங்கை, நேபாளம், மியான்மர், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் வரைக்கும் வறண்ட புதர்க்காடு உள்ள இடமெல்லாம் இது வாழ்கிறது.

உலகத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022-ல் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. அவற்றில் பெரும்பாலானவை தனிக்கட்டைகள். பக்கத்தில் இன்னொரு சிலந்தி வந்தால் அதையே பிடித்துத் தின்றுவிடும். வாழ்நாள் முழுக்கக் கூட்டமாக வாழ்பவை இருபத்தைந்து முப்பது இனங்கள்கூடத் தேறாது. அந்தச் சிலவற்றில் ஒன்றுதான் எங்கள் வேலியில் இருப்பது. சேர்ந்து வலை கட்டும், சேர்ந்து வேட்டையாடும், தன்னைவிடப் பெரிய வெட்டுக்கிளியை நாலைந்து சேர்ந்து இழுத்துப்போய்ப் பங்கு போட்டுத் தின்னும். மனிதர்களுக்கு இதனால் ஆபத்து எதுவும் இல்லை.

இதன் நூலில் பசை கிடையாது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தோட்டத்தில் வட்டமாக வலை பின்னும் சிலந்தி நூலில் பசைத்துளி வைக்கும். இது அப்படி இல்லை. வயிற்றின் அடியில் சல்லடைத் தட்டு மாதிரி ஒரு உறுப்பு இருக்கிறது. அதிலிருந்து ஆயிரக்கணக்கான மிக நுண்ணிய இழைகள் வெளியே வரும். பின்னங்காலில் சீப்பு மாதிரி மயிர் வரிசை. அந்தச் சீப்பால் வாரி வாரி இழைகளைப் பஞ்சு போல ஆக்கிவிடும். பூச்சியின் கால் மயிர் அதில் சிக்கினால் முடிந்தது கதை. பசை என்றால் வெயிலில் காய்ந்துபோகும். இந்தப் பஞ்சு நூல் காயாது. சித்திரை வெயிலுக்கு ஏற்ற டிசைன்.

இந்தக் குடும்பத்தில் ஆண்கள் மிகக் குறைவு, பெண்கள் பல மடங்கு. தாய் தன் உணவை வாய்வழியாகக் குஞ்சுகளுக்கு ஊட்டும். கடைசியில் தன் உடம்பையே கொடுத்துவிடும். ஆமாம், குஞ்சுகள் தாயைத் தின்றுவிட்டுத்தான் பெரிசாகின்றன. இதை ஆயாவிடம் சொன்னேன். "மனுஷப் புள்ளைங்க மட்டும் என்னாவாம்?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை இடிக்கப் போய்விட்டாள்.

சிலந்தி நமக்குப் புதிது அல்ல. திருவானைக்காவில் சிவலிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலையால் பந்தல் போட்ட சிலந்தி, யானையோடு சண்டை போட்டு உயிர்விட்டு, மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்த கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. அந்த அரசன் எழுபதுக்கும் மேற்பட்ட மாடக்கோயில்களை, யானை நுழைய முடியாதபடி வாசல் வைத்துக் கட்டினான் என்பார்கள். சிலந்தி நுழையலாம், யானை நுழையக் கூடாது. இந்த வாசல் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மேகம் இறங்கும் காட்டில் ஒரு மரப்பெரணி

இப்போது பெரணிக்கு வருவோம். நான் ஒப்பிட எடுத்துக்கொண்டது சையாத்தியா கிரினிட்டா என்ற மரப்பெரணி. கிரினிட்டா என்றால் லத்தீனில் மயிர் அடர்ந்தது என்று பொருள். இலைக்காம்பில் பழுப்பு நிறச் செதில்கள் அடர்ந்து, கரடி மயிர் மாதிரி இருக்குமாம். இது உலகத்தில் இயற்கையாக இருப்பது தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளிலும் இலங்கையிலும் மட்டும். அங்கேயும் எல்லா இடத்திலும் இல்லை. சோலைக்காடு என்று சொல்கிறார்களே, மலைமடிப்புகளில் ஓடையை ஒட்டி இருக்கும் குளிர்ந்த காடு, அதற்குள்தான். அருகிவரும் தாவரம் என்று தாவர ஆராய்ச்சியாளர்கள் இதைக் குறித்திருக்கிறார்கள்.

பெரணிக்குப் பூ கிடையாது, காய் கிடையாது, விதையும் கிடையாது. இலையின் அடிப்பக்கம் பழுப்புப் புள்ளிகளாகத் தெரிவது ஸ்போர் பைகள். பெரும்பாலான பெரணிகளில் ஒவ்வொரு பைக்கும் ஸ்பிரிங் மாதிரி ஒரு செல் வளையம் இருக்கிறது. காற்றில் ஈரம் குறையும்போது அந்த வளையம் நீரை இழந்து பின்பக்கமாக வளையும். வில்லை இழுத்துப் பிடித்தது போல. ஒரு கட்டத்தில் செல்லுக்குள் மிச்சம் இருக்கும் நீரில் குமிழி உண்டாகும். உடனே வளையம் படாரென்று பழைய நிலைக்குத் திரும்பி ஸ்போரை வீசி எறியும். நொடிக்கு சுமார் பத்து மீட்டர் வேகம் என்று 2012-ல் அதிவேகக் கேமராவில் படம் பிடித்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். எனர்ஜி ஸ்டோரேஜ், ரிலீஸ் என்று நாம் படிக்கிறோமே, அதை ஒரு இலை பல கோடி வருடமாகச் செய்துகொண்டு இருக்கிறது.

வீசப்பட்ட ஸ்போர் தூசி மாதிரி. காற்று பிடித்துக்கொண்டால் மலை தாண்டியும் போகும். ஆனால் விழுந்த இடத்தில் உடனே மரப்பெரணி முளைத்துவிடாது. முதலில் விரல் நகத்தைவிடச் சின்னதாக, இதய வடிவத்தில், தரையோடு ஒட்டி ஒரு பச்சைத் தகடு முளைக்கும். புரோதாலஸ் என்று பெயர். அதில் உண்டாகும் ஆண் செல் நீந்திப் போய்த்தான் முட்டையைச் சேர வேண்டும். நீந்த வேண்டும் என்றால் அந்தச் சமயத்தில் அங்கே ஒரு படலம் தண்ணீராவது இருக்க வேண்டும். அந்தத் தகடு காய்ந்தால் எல்லாம் போச்சு. தப்பித்து முளைத்தாலும் தண்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் உயரும். ஆள் உயரம் வர நம் வாழ்நாளில் பெரும்பகுதி ஆகிவிடும்.

ஒப்பிட்டுப் பார்ப்போம்

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சில விஷயம் தலைகீழாகத் தெரிகிறது.

1. பயணம்: பெரணியின் ஸ்போர் காற்றில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகக்கூடியது. நம் சிலந்திக் கூட்டமோ பெரும்பாலும் பக்கத்துப் புதருக்கு நூல் கட்டிப் போய் அடுத்த கூட்டைக் கட்டுகிற ஜாதி. ஊரைச் சுற்றுகிறது அரிதாகிவிட்டது. வீட்டோடு கிடக்கிறது எங்கும் இருக்கிறது.

2. எண்ணிக்கை: ஒரு பெரணி இலையில் வரும் ஸ்போர்கள் லட்சக்கணக்கில். ஒரு சிலந்தித் தாய் இடும் முட்டைகள் அதற்குப் பக்கத்திலேயே வர முடியாது. ஆனால் சிலந்தியின் குஞ்சுக்குத் தாய் இருக்கிறாள், சித்திகள் இருக்கிறார்கள், கட்டிய வீடு இருக்கிறது. ஸ்போருக்கு ஒருவரும் இல்லை.

3. இறங்கும் இடம்: சிலந்திக்கு முள் இருந்தால் போதும். வேலிகாத்தானா, கருவேலா, சப்பாத்திக்கள்ளியா, கம்பி வேலியில் படர்ந்த கொடியா, எதுவானாலும் சரி. வெயில் ஏறினால் கூட்டுக்குள் போய்க்கொள்ளும். இரை இல்லாவிட்டால் பல நாள் பட்டினி தாங்கும். பெரணிக்கு நிழல் வேண்டும், குளிர் வேண்டும், ஓடை வேண்டும், மேகம் வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் கணக்கு தப்பிவிடும்.

4. வயது: சிலந்தி ஒரு வருட ஆயுள். நஷ்டம் வந்தாலும் அடுத்த வருடமே ஈடு கட்டலாம். மரப்பெரணி ஒன்றை வெட்டினால் அந்த இடத்தில் இன்னொன்று அதே உயரம் வர ஒரு தலைமுறை ஆகும்.

5. மனிதன்: நாம் காட்டை வெட்டி வேலி போட்டோம். சிலந்திக்கு அது வசதி. அதே கையால் மலையில் சோலைக்காட்டை அழித்துத் தேயிலையும் உருளைக்கிழங்கும் போட்டோம். நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளியில் யூகலிப்டசும் சீகை மரமும் நட்டோம். பெரணிக்கு அது வீடு போனது போல. போதாததற்கு, ஆர்க்கிட் செடி வளர்க்க மரப்பெரணித் தண்டு நல்லது என்று அதையும் வெட்டினார்கள். அதனால்தான் 1975-ல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாவது பட்டியலில் சையாத்தியா இனங்கள் இருக்கின்றன. அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு வியாபாரம் செய்ய முடியாது.

இது நம்ம மெட்ராலஜி பாடம்தான்

இந்த வருடம் மெட்ராலஜி வகுப்பில் ஃபிட்ஸ் அண்ட் டாலரன்ஸ் நடந்தபோது எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. டாலரன்ஸ் என்றால் என்ன? ஒரு உறுப்பின் அளவு எவ்வளவு வரைக்கும் கூடலாம் குறையலாம் என்று நாம் கொடுக்கும் அனுமதி.

மாட்டு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் குடத்துக்கும் அச்சுக்கும் நடுவே ஆட்டம் இருக்கும். மை போட்டு ஓட்டுவார்கள். குடம் தேய்ந்து ஆட்டம் கூடினாலும் சக்கரம் சத்தம் போட்டுக்கொண்டு ஓடும். வேறு வண்டியின் சக்கரத்தைக்கூட ஆபத்துக்கு மாட்டலாம். ஆனால் டீசல் என்ஜினின் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பம்ப் அப்படியா? பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். நம் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டையும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்துகிறார்கள். ஒரு ஜோடியின் பிளஞ்சரை இன்னொரு ஜோடியின் பேரலில் மாற்றிப் போட முடியாது. ஒரு துளி மணல் போனாலும் பம்ப் நின்றுவிடும்.

நண்பர்களே, முள்வேலிச் சிலந்தி மாட்டு வண்டிச் சக்கரம். சோலைக்காட்டுப் பெரணி இன்ஜெக்ஷன் பம்ப் பிளஞ்சர். மட்டம் உசத்தி என்று இதில் எதுவும் இல்லை. ஒன்றுக்கு டாலரன்ஸ் அதிகம், ஒன்றுக்குக் குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம். பிளஞ்சர் ஓடவில்லை என்றால் பிளஞ்சரைத் திட்டுவோமா, பேரலைக் கெடுத்தவனைத் தேடுவோமா? பெரணி தானாக அரிதாகவில்லை. அது பொருந்தியிருந்த பேரலை நாம் கீறிவிட்டோம். கோச்செங்கட் சோழன் வாசலைக் குறுக்கி யானையை வெளியே நிறுத்தியது போல, நாம் மலையில் வாசலைக் குறுக்கிப் பெரணியை வெளியே நிறுத்திவிட்டோம். அவனாவது தெரிந்து செய்தான்.

இதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பெரணி என்றாலே அரிது என்று நினைத்துவிடாதீர்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு அண்ணாமலையில் பாறை இடுக்கைப் பார்த்தால், விரல் நீளக் காம்பில் சின்ன விசிறி விரித்தது போல ஒரு செடி இருக்கும். மயில்சிகை என்று நாட்டு வைத்தியர்கள் சொல்வார்கள். அதுவும் பெரணிதான். அதற்கும் ஸ்போர்தான், அதற்கும் நீந்தும் ஆண் செல்தான். ஆனால் கோடையில் மொத்தமாகக் காய்ந்து சுருண்டு சருகாகிவிடும். செத்துவிட்டது என்று நினைப்போம். ஒரு மழை பெய்தால் மறுபடி பச்சையாக விரியும். 814 மீட்டர் உயரமுள்ள எங்கள் மொட்டைப் பாறை மலையிலும் அதனால் வாழ முடிகிறது. ஒரே குடும்பத்துத் தொழில், டாலரன்ஸ் மட்டும் வேறு. அதனால் அது வறண்ட குன்றுகளில் பரவலாக இருக்கிறது, மரப்பெரணி அருகிவிட்டது.

சாதாரணம் என்பது நிரந்தரமா?

இதோடு கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் நடுவில் ஒரு சம்பவம் நடந்தது.

போன தை மாதம் எங்கள் வேலியைப் பிரித்தோம். ரோட்டை ஒட்டி மனைகள் வந்துவிட்டன. பக்கத்துக்காரர்கள் எல்லாம் ஹாலோபிளாக் சுவர் எழுப்பிவிட்டார்கள். ஆடு மாடு பிரச்சினை, முள் குத்துகிற பிரச்சினை. அப்பாவும் கடன் வாங்கிச் சுவர் வைக்க முடிவு செய்தார். பிரித்த முள்ளை எல்லாம் குவித்துக் கொளுத்தினோம். நானும்தான் குவித்தேன். எரியும்போது ஒன்றன்பின் ஒன்றாகக் கூடுகள் பொசுக் பொசுக்கென்று போயின. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சின்ன வயசில் விளையாட்டாகச் செய்தது, அன்றைக்கு அப்படித் தெரியவில்லை.

மறுநாள் தெருவில் நடந்து பார்த்தேன். எங்கள் தெருவில் முள்வேலி என்று மிச்சம் இருந்தது இரண்டு வீட்டில்தான். அடுத்த புதருக்கு நூல் கட்டித்தான் இந்தச் சிலந்தி போகும் என்று மேலே சொன்னேன். அடுத்த புதரே இல்லை என்றால்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சிலந்திகள் ஒரே கூட்டில் பிறந்தவையே தங்களுக்குள் இணைசேரும். அதனால் ஒரு கூட்டில் உள்ளவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தவை. இந்த இனத்தில் மரபணு வேறுபாடு குறைவு என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரே ஹீட்டில் வார்த்த காஸ்டிங்கில் ஒன்றில் குறை இருந்தால் எல்லாவற்றிலும் இருக்கும் அல்லவா? எண்ணிக்கை நிறைய என்பது எப்போதும் பலம் ஆகாது.

"இது நம்ம வேலிப் பூச்சி, இதுக்கெல்லாம் அழிவு வருமா?" என்று கேட்டால், பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகின் கதையைச் சொல்வேன். 1980-களில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு சாதாரணப் பறவை. செத்த மாடு கிடந்தால் கூட்டமாக இறங்கும். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தை மாடுகளுக்குப் போட ஆரம்பித்தார்கள். அந்த மாட்டைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 1992-க்கும் 2007-க்கும் நடுவே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போய்விட்டது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-ல் அரசு தடை செய்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க முதுமலை, மாயாறு பக்கம் போக வேண்டும். நம் பக்கத்திலேயே, ஊர்ப் பெயரிலேயே கழுகை வைத்திருக்கும் திருக்கழுக்குன்றத்தில், குருக்கள் கையால் பொங்கல் வாங்கித் தின்ன உச்சிவேளையில் மலைக்கு வந்துகொண்டிருந்த மஞ்சள்முகப் பாறுகள் இப்போது வருவதில்லை. பெயர் மட்டும் இருக்கிறது.

ஆக, டாலரன்ஸ் அதிகம் என்றால் எல்லை இல்லை என்று அர்த்தம் அல்ல. எல்லை தூரத்தில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். மாட்டு வண்டிச் சக்கரமும் குடம் முழுக்கத் தேய்ந்தால் ஒரு நாள் கழன்று ஓடும். அரிதானதற்காவது பட்டியல் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, கண்ணாடி வீடு இருக்கிறது, "தொடாதீங்க தம்பி" என்று சொல்ல ஒரு பெரியவர் இருக்கிறார். சாதாரணமானதற்குக் கணக்கெடுக்கக்கூட ஆள் இல்லை. அது போய்விட்டது என்பதே பத்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

நாம் என்ன செய்யலாம்?

நம்பிக்கை தரும் விஷயங்களும் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளைப் பற்றி பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியைச் சேர்ந்த மாணிக்கம், இருதயராஜ் என்ற பேராசிரியர்கள் 1992-ல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார்கள். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே காப்பாற்ற முடியும். பிறகு அதே கல்லூரியில் அரிய பெரணிகளை ஸ்போரிலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் வேலையும் நடந்தது. கண்ணாடிக் குடுவைக்குள் அந்த ஈரத்தையும் குளிரையும் கொடுத்தால் பெரணி முளைக்கிறது. அதாவது பிளஞ்சரில் கோளாறு இல்லை. பேரல் சரியாக இருந்தால் ஓடுகிறது.

எங்கள் மலையையே பாருங்கள். ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1980-களின் இறுதியிலிருந்து தன்னார்வக் குழுக்கள் மரக்கன்று நடுகிறார்கள். கோடையில் புல் தீப்பிடித்தால் மேலே பரவாமல் இருக்கத் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள். நிழல் விழுந்த இடத்தில் மண் ஈரம் நிற்கிறது. மரப்பெரணி எங்கள் மலைக்கு வராது, அதற்கு இங்கே உயரமும் குளிரும் கிடையாது. மயில்சிகைக்காவது இடம் இருக்கும். நம்மில் யாராவது மலையில் பீடித் துண்டை அணைக்காமல் போட்டால் அத்தனை வேலையும் ஒரு மதியத்தில் வீண். தீப நாளில் மலை உச்சியில் எரிவது சாமிக்கு. சித்திரையில் சரிவில் எரிவது நம் அஜாக்கிரதைக்கு.

வீட்டு அளவில் நான் செய்தது ஒன்றே ஒன்று. சுவர் மூன்று பக்கம் எழும்பியதும் அப்பாவிடம் போய், கொல்லைப்பக்கம் மட்டும் வேலியாகவே இருக்கட்டும் என்றேன். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் நான் ஏதாவது சொன்னால் அப்பா, படித்தவன் சொல்கிறான் என்று கொஞ்சம் கேட்பார், கொஞ்சம் சிரிப்பார். "இதுக்காடா உன்னை இஞ்சினு வேலை படிக்க அனுப்பினேன்?" என்றார். நான் வண்டிக் குடத்தையும் பம்ப் பிளஞ்சரையும் வைத்து மேலே எழுதியதை எல்லாம் அவருக்குச் சொன்னேன். வண்டி ஓட்டிய மனிதர். பிளஞ்சர் புரியாவிட்டாலும் குடம் புரிந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாலாவது பக்கத்துக்குக் கல்லு வாங்கக் காசும் இல்ல, இருந்துட்டுப் போவட்டும்" என்றார். எதனால் சம்மதித்தார் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. வேலி நிற்கிறது.

நீங்களும் உங்கள் ஊரில், வீட்டில், ஹாஸ்டல் பின்பக்கத்தில் எது சாதாரணமாக இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். வொர்க்‌ஷாப்பில் உறுப்பு உடைந்த பிறகு அளக்கிறவன் நல்ல டெக்னீஷியன் அல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போதே தேய்மானத்தை அளக்கிறவன்தான் நல்ல டெக்னீஷியன் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உயிர்களுக்கும் அதே சட்டம்தான்.

என் நோட்டில் முதல் வரி இது: கொல்லை வேலி, பன்னிரண்டு அடி நீளம், கூடு மூன்று.

அடுத்த ஆண்டு மலரில் வாய்ப்புக் கிடைத்தால் அந்த எண்ணிக்கை என்ன ஆனது என்று எழுதுகிறேன்.